மூன்று மாதத்துக்கு ஒரு வீடு: பாளையங்கோட்டைப் பக்கம் குடிவருவோர் கவனத்துக்கு

நான் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த காலத்தில் வாடகை வழக்கு என்றாலே இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவரைக் காலி செய்விக்கும் வழக்கு என்றுதான் பொருள். இப்போது என்னிடம் வருபவர்களில் கணிசமானோர் இரண்டு, மூன்று மாதம் மட்டும் தங்க வந்தவர்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் படுத்திருப்பவருக்குத் துணையாக வந்த குடும்பம், தேர்வுப் பயிற்சிக்குப் பிள்ளையை அழைத்து வந்த தாய், பழைய வீட்டை இடித்துக் கட்டும் வரை ஒதுங்க இடம் தேடுபவர் என்று பலதரப்பட்டவர்கள். "கொஞ்ச நாளைக்குத்தானே, எழுத்தெல்லாம் எதுக்கு" என்று வீட்டுக்காரரும் சொல்லியிருப்பார், குடிவந்தவரும் சொல்லியிருப்பார். ஆனால் நீண்ட காலம் குடியிருப்பவருக்குத் தகராறைப் பேசித் தீர்க்க அவகாசம் இருக்கிறது; ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டு நிற்பவருக்கு அது கிடையாது என்பதால், எழுத்து அதிகம் தேவைப்படுவது இவருக்குத்தான்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தாயும் மகளுமாக வந்த ஒரு குடும்பத்தை, அடையாளங்களைத் தவிர்த்துச் சொல்கிறேன். தந்தையின் சிகிச்சைக்காக பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீட்டை மாதம் 9,000 ரூபாய்க்குப் பிடித்தார்கள். அட்வான்ஸ் 27,000 ரூபாயை மகள் கைபேசி வழியாக அனுப்பியபோது, குறிப்பு எழுதும் இடத்தில் '3 மாதம்' என்று மட்டும் போட்டிருக்கிறார். நாற்பது நாளில் தந்தை தேறி, வீட்டைக் காலி செய்து அட்வான்ஸைக் கேட்டபோது, அது மூன்று மாத வாடகைதான், திருப்பித் தர ஒன்றுமில்லை என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். முதல் மாத வாடகை ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது, ரசீது இல்லை. நல்லவேளையாக இரண்டாம் மாத வாடகையை மகள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தார். முன்கூட்டியே மூன்று மாத வாடகை வாங்கியவர் இரண்டாம் மாதம் மறுபடி ஏன் வாங்கினார் என்ற ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பிறகு பெயின்ட் செலவு என்று ஆரம்பித்தார். முடிவில் 21,000 ரூபாய் திரும்பி வந்தது. அதற்குள் அந்தத் தாய் நான்கு முறை பேருந்து ஏறி வந்துவிட்டார். 'வாடகை வீட்டுக்கான திருப்பித் தரத்தக்க முன்பணம்' என்று அந்தக் குறிப்பில் எழுதியிருந்தால் ஒரு முறைகூட வந்திருக்க வேண்டியதில்லை.

பதினோரு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் ஒப்பந்தமே வேண்டாம் என்ற எண்ணம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்பதிலிருந்து பிறந்த தவறான புரிதல் இது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி நகர்ப்பகுதியில் வீட்டை வாடகைக்கு விடுவதற்கு எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பில் இணையவழியாகப் பதிவும் செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது; காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும், ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாத வரை, உரிமையாளரின் பொறுப்புகளில் வருபவை. குறுகிய காலத்துக்கு வருபவர்கள் இவற்றோடு இன்னொரு வரியையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது: சொன்ன காலத்துக்கு முன்பே கிளம்ப நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எவ்வளவு பிடித்தம் என்பது. நான் பார்த்த தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரி இல்லாததால் வந்தவை.

சிலர் குறைந்த நாளுக்கும் ஒத்திக்கு வீடு பேசுகிறார்கள். வாடகையே கிடையாது, லட்சக்கணக்கில் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும் என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒத்தி என்பது சட்டத்தின் பார்வையில் அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நம்பி அவ்வளவு பணத்தைக் கொடுப்பவர், அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் என்ன செய்வார்? மூன்று மாதத் தங்கலுக்கு ஒத்தி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். தான் ராணுவத்தில் வெளி மாநிலத்தில் இருப்பதாகவும், சாவி கூரியரில் வரும் என்றும் சொல்லி, அழகான படங்களை அனுப்பிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். கைபேசி வழியாகப் பணத்தைப் பெறுவதற்கு யாரும் ரகசிய 'பின்' (PIN) எண் போடத் தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே இணையவழிப் பணமோசடிகளைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

நேரில் பார்க்கும்போது நம் ஊருக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. 2023 டிசம்பர் பெருமழையில் வண்ணார்பேட்டை, திருநெல்வேலி சந்திப்பு, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் ஆகிய பகுதிகளில் தாமிரபரணி வெள்ளம் புகுந்ததை அறிவோம். தரைத்தள வீட்டில் இடுப்பளவு வரை மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் மர அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, பின்பலகையைத் தடவிப் பாருங்கள். சுவர் மறைத்ததை ஊறி உப்பிய பலகை சொல்லிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தங்குபவர்கள் மாடி வீடாகப் பார்ப்பது உத்தமம்.

மின்கட்டணத்தில்தான் சின்னச் சின்ன மனஸ்தாபங்கள் அதிகம். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை; நீங்கள் வருவதும் போவதும் அந்தக் கணக்குக்குள் அடங்காது. கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே இணைப்பு இருந்தால் இருவர் யூனிட்டும் சேர்ந்து உயர்ந்த விகிதத்துக்குப் போய்விடும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று துணை மீட்டரை வைத்துப் பேசுவதாக இருந்தால் அந்தத் தொகையையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். குடிபுகும் நாளில் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து அங்கேயே நின்று உரிமையாளருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். காலி செய்யும் நாளிலும் அப்படியே செய்து, ஒவ்வோர் அறையையும் ஒரே வீடியோவாக எடுத்து, சாவியைக் கையில் கொடுத்த பின் 'இன்று மாலை சாவியைப் பெற்றுக்கொண்டேன்' என்று அவரிடமிருந்து ஒரு வரி பதில் வரும் வரை வாசலை விட்டு நகராதீர்கள். முன்பணத்துக்கான ஒரு மாதக் கெடுவைக் கணக்கிட அந்த வரியில் உள்ள தேதிதான் உங்களுக்குச் சாட்சி.