சூடு தெரியாத கால்களோடு பகானுக்கு

ஐந்து நாள் சுற்றுப்பயணம், வேனில் 14 பேர். ரங்கூனிலிருந்து பியே (நம் பெரியவர்கள் வாயில் இன்னும் புரோம்தான்), அங்கிருந்து பகான், மண்டலே, திரும்பும் வழியில் பெகு. மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்குப் பகான் ஷ்வேசிகோன் பகோடா முற்றத்தில் எல்லாரும் தாவித் தாவி நிழலுக்கு ஓடியிருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் மட்டும் கையில் பூச்சரத்தோடு நிதானமாக மூன்று சுற்று சுற்றி வந்திருக்கிறார். "ஐயாவுக்கு என்ன பக்தி பாருங்க, கால் சுடுறதுகூடத் தெரியலை!" என்று வழிகாட்டி மெச்சியிருக்கிறார்.

உண்மையிலேயே தெரியவில்லை. ஐயாவுக்குப் பல வருடச் சர்க்கரை. பாதத்து நரம்புகள் எப்போதோ மரத்துப் போய்விட்டன. அன்று இரவு ஓட்டல் விரிப்பில் ஈரம் பட்டதைப் பார்த்துத்தான் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யாரோ பற்பசை தடவினார்கள். வலிக்கவில்லை என்று அவரே சொன்னதால் மறுநாள் மண்டலே மலையும் ஏறினார். என் கிளினிக்குக்கு வந்தபோது கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. கடைசியில் இரண்டு விரல்கள் போயின. அதோடு நின்றதே பெரிது.

ரங்கூனில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவன் நான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம் ஆட்கள், அதிலும் நாற்பதைத் தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாதவரைத் தேடத்தான் வேண்டும். திங்ஜான் விடுமுறை முடிந்த வாரம் எனக்குப் பாத வாரம். தண்ணீர்த் திருவிழாவும் நம் வருடப்பிறப்பும் சேர்ந்து வருகிற அந்த விடுமுறையில்தான் குடும்பத்தோடு வேன் பிடித்து ஊர் சுற்றக் கிளம்புகிறோம். அது ஏப்ரல். பர்மாவின் வறண்ட மத்தியப் பகுதி கொதிக்கும் மாதம். 2024 ஏப்ரல் 28 அன்று பகானுக்குத் தெற்கே ஐராவதிக் கரையிலுள்ள சவுக் நகரில் 48.2 டிகிரி பதிவானது. அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். காலைமுதல் வெயிலில் கிடக்கும் செங்கல் தளமும் ஓடு பதித்த முற்றமும் காற்றைவிட வெகுவாகச் சூடேறும். 60 டிகிரியில் தோல் வேக ஐந்து வினாடி போதும். ஒரு சுற்று சுற்ற எத்தனை வினாடி ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடனே ஒரு கேள்வி வரும்: "டாக்டர், ஒரு சீட்டு எழுதிக் கொடுங்களேன், சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறேன்." இந்த நாட்டுப் பகோடாக்களில் செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கூடாது. இடிந்து கிடக்கும் சின்னச் செங்கல் கோயிலுக்கும் இதே விதிதான். இது சும்மா வந்த வழக்கமும் இல்லை. வெள்ளைக்காரன் பூட்ஸ் காலோடு பகோடாவில் ஏறிய காலத்தில் அதை எதிர்த்துக் கிளம்பிய கோபம் இந்த நாட்டு விடுதலை உணர்வின் முதல் பொறிகளில் ஒன்று. 1919-இல் மண்டலே எயின்டோயா பகோடாவுக்குள் காலணியோடு நுழைந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் தாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தந்த இடத்துத் தலைமைப் பிக்குவே காலணி விஷயத்தை முடிவு செய்யலாம் என்று ஆங்கில அரசு இறங்கி வந்தது. அதனால் நான் சீட்டு எழுதுவதில்லை. நம் கோயிலுக்குள் ஒருவர் செருப்போடு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்? விதி இருந்துவிட்டுப் போகட்டும், நேரத்தை மாற்றலாமே என்றுதான் சொல்வேன்.

நேரம் என்பது வழிகாட்டியின் கையில் இருக்கிறது. எனக்கு அவர்கள்மேல் வருத்தம் உண்டு. காலை எட்டரைக்கு ஓட்டலில் நாஷ்டா, பத்து மணிக்கு முதல் பகோடா, ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்கு அடுத்தது என்று அட்டவணை போடுகிறார்கள். வயிற்றை வைத்துப் போட்ட அட்டவணை அது. பகானில் 3,500-க்கும் மேற்பட்ட கோயில்களும் ஸ்தூபிகளும் விகாரங்களும் இருக்கின்றன, எப்படியும் எல்லாவற்றையும் பார்க்கப் போவதில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திறந்த முற்றம் உள்ளவற்றை, அதாவது ஷ்வேசிகோன் மாதிரியானவற்றை, முடித்துவிட வேண்டும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஆனந்தா, தம்மயன்ஜி போன்ற பெரிய கோயில்களின் உள்பிரகாரங்கள். சுவர் தடிமன் அப்படி, உள்ளே தரை குளுகுளு என்றிருக்கும். வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள், வாகன நிறுத்தத்திலிருந்து கோயில் படி வரைக்கும் செருப்பைக் கழற்றாதீர்கள். மதியத்துக்கு அருங்காட்சியகம், பகானை ஒட்டிய மியின்கபா கிராமத்தில் அரக்குப் பாத்திரம் செய்யும் பட்டறைகள். செருப்போடு போகலாம். மறுபடி நாலரைக்கு மேல் வெளியே.

பக்கத்திலேயே நத்லாங் சவுங் என்ற பெருமாள் கோயில் இருக்கிறது, சின்னதுதான், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மியின்கபாவில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று தமிழில் பேசுகிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர் இங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் எடுத்து, கதவு போட்டு, விளக்கும் வைத்தாராம். பகானுக்கு அதில் புக்கம் என்று பெயர். நம்மவர் இங்கே வந்து எண்ணூறு வருடமாகிறது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கும். சரி, காலுக்கு வருவோம்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். சர்க்கரை உள்ளவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் மெதுவாக ஒன்றிரண்டு வினாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, வருடக் கூடாது. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்ல வேண்டும். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் சூட்டையும் முள்ளையும் சொல்லாது. அந்தக் காலுக்குப் பதிலாக வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பேரனோ மருமகளோ யாராவது ஒருவர் முதலில் இறங்கித் தரையில் புறங்கையை ஐந்து வினாடி வைத்துப் பார்க்கட்டும். கையை எடுக்கத் தோன்றினால் ஐயா வண்டியிலிருந்தே கும்பிடலாம். வெயில் நேரத்தில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளைக் கல் மீது, விரிப்பு போட்டிருக்கும் பாதையில் நடக்க வேண்டும். கறுப்புப் பட்டைகளை மிதிக்கக் கூடாது. ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவுக்கு நாலு பக்கம் வாசல். ஒரு வாசலில் செருப்பை விட்டு இன்னொன்றில் இறங்கிவிட்டு, தார்ச் சாலையில் வெறுங்காலோடு திரும்பி நடந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். ஒரு பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேனுக்குள்ளும் செருப்பைக் கழற்ற வேண்டாம். பல வேன்களில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில்தான். "முன்னாடி உட்காருங்க மாமா" என்று மரியாதையாக உட்கார வைப்பார்கள், மாமாவின் கால் மூன்று மணி நேரம் சூடான தகட்டின் மேல் இருக்கும். இறங்கும்போதும் கவனம் வேண்டும். 1970-இல் இந்த நாடு வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறிவிட்டது, ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் மாறவில்லை. அவற்றின் கதவு இடப்பக்கம், அதாவது நேராக நடுச்சாலையைப் பார்த்துத் திறக்கும். வயதானவர்களை அப்படி இறக்கவே கூடாது, வண்டியை வளாகத்துக்குள் விடச் சொல்லுங்கள். ரங்கூன்–மண்டலே எக்ஸ்பிரஸ் சாலையில் 115-ஆம் மைல் ஓய்விடத்தில் எல்லாரும் நிற்பார்கள். அதோடு விட்டுவிடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எழுந்து நடக்க வேண்டும். தொடர்ந்து உட்கார்ந்தால் கெண்டைக்கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைகிற ஆபத்து தனிக்கதை.

இன்சுலினை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், டிக்கியிலும் வேண்டாம். ஐஸ்கட்டியை ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும். ஈரத் துணி சுற்றிய சின்ன மண்பானை போதும், மடியில் இருக்கட்டும்.

அப்படியும் சுட்டுவிட்டால்? ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. ஐஸ் வேண்டாம், தனக்கா (இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) வேண்டாம், மஞ்சள், பற்பசை, முட்டை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி, அன்றே ஆஸ்பத்திரி. "வலிக்கலை, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்பார்கள். சர்க்கரைக்காரர் காலில் வலி இல்லை என்றால்தான் எனக்குப் பயம் அதிகம்.

இன்னொன்று. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் 1934-இல் திறந்த பழைய சகாயிங் பாலமே விழுந்துவிட்டது, மண்டலே பக்கம் பல சின்னங்கள் சேதம். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த இடத்துக்குள் விடுகிறார்கள் என்று முதல் நாள் வரை விசாரித்துக்கொள்ளுங்கள். உடைந்த செங்கல்லும் வேல முள்ளும் கிடக்கிற இடத்தில் வெறுங்காலுக்கு டார்ச் விளக்கு வேண்டும், விடியற்காலை என்றால் கட்டாயம்.

விரல் போன ஐயா போன டிசம்பரில் மறுபடி கிளம்பினார். அதே வேன், அதே கூட்டம், வழிகாட்டி மட்டும் வேறு. நான் ஒரு நிபந்தனை போட்டேன்: தினமும் இரவு எட்டு மணிக்கு எல்லாருடைய உள்ளங்காலையும் படம் எடுத்து வைபரில் அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். முதல் நாள் 28 பாதங்கள், சுவரோரம் வரிசையாக. இரண்டாம் நாள் யாரோ ஒரு பாதத்தில் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்திருந்தார்கள். நான்காம் நாள் இரவு மண்டலேயிலிருந்து 26 வந்தது. பதறிப்போய்ப் போன் போட்டால், ஐயா எடுத்தார். "நான்தான் டாக்டர் தம்பி படம் எடுக்கிறேன், என் காலை நானே எப்படி எடுக்கிறது?"