சிவந்த கல்லுக்குப் பக்கத்தில் கறுப்புக் கல்

இன்றைய செக் நாட்டில் உள்ள யாக்கிமோவ் ஊரில் 16-ஆம் நூற்றாண்டில் வெள்ளி தேடிச் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு, கீல் போலக் கறுத்த கல் ஒன்று அடிக்கடி எதிர்ப்பட்டது. கையில் எடுத்தால் பாரம் தெரியும், ஆனால் காசு பெறாது. பிட்ச்பிளெண்ட் என்ற அதன் பெயரின் முன்பாதி ஜெர்மன் மொழியில் ‘பெக்’; அதற்குக் கீல் என்றும் பொருள், துரதிர்ஷ்டம் என்றும் பொருள். 1789-இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் யுரேனியத்தைக் கண்டறிந்தது இந்த வகைத் தாதுவில்தான். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டதும் யாக்கிமோவ் தாதுவில்தான்.

சரி, பாறை வெடிப்புக்குள் இந்தக் கறுப்புக் கல் எப்படி வந்து சேர்ந்தது?

ஒரு டன் கிரானைட்டில் சில கிராம் யுரேனியம் சிதறிக் கிடக்கும். ஆறு எலக்ட்ரான்களை இழந்த யுரேனியம், கார்பனேட்டோடு சேர்ந்து நீரில் சுலபமாகக் கரையும். நான்கை மட்டும் இழந்தது அநேகமாகக் கரையாது. ஆக்சிஜன் கலந்த நீர் பாறையைக் கழுவி, யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு பிளவுகள் வழியே போகிறது. வழியில் கரிமம் நிறைந்த பாறையோ, சல்ஃபைடோ, இரும்புக் கனிமமோ குறுக்கிட்டால் அவை எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். யுரேனியம் அங்கேயே பிட்ச்பிளெண்டாகப் படிந்துவிடும்.

எலக்ட்ரானைக் கொடுத்த இரும்பு என்ன ஆகும்? ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடாகிச் சிவக்கும். தாது நாளத்தை, அதாவது தாது நிரம்பிய பிளவை, வெட்டிப் பார்த்தால் கறுப்புக்குப் பக்கத்திலேயே கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் அந்தச் சிவப்பு கலந்து செங்கல் நிறத்தில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனக்கு இந்த நாளங்களில் மிகவும் பிடித்த காட்சி இதுதான்: நடந்த கொடுக்கல் வாங்கலுக்குக் கல்லே ரசீது வைத்திருக்கிறது.

கறுப்புப் பகுதியும் கவனிக்கத்தக்கது. பட்டை பட்டையாகப் படிந்ததால் பிட்ச்பிளெண்ட் சிறுநீரகம் போல உருண்டு திரண்டிருக்கும். பிளவு அகன்ற இடத்தில் தாது பருத்திருக்கும், நாலடி தள்ளி வெறும் கால்சைட்தான்.

படிந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. அதன் கதிர்வீச்சு பட்டு அருகிலுள்ள ஃப்ளோரைட் (ஃப்ளோரின் கலந்த கனிமம்) கருஊதா ஆகிவிடும். ஜெர்மனியின் வோல்சென்டார்ஃபில் கிடைக்கும் இப்படிப்பட்ட ஃப்ளோரைட்டை உடைத்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். கல்லுக்குள் ஃப்ளோரின் வாயுவே சிறைப்பட்டிருப்பதாக 2012-இல் உறுதியானது.

நாளம் மேலே வந்து மழைநீரைத் தொட்டால் பழைய கதை திரும்பும். யுரேனியம் மறுபடி கரையும். வழியில் பாஸ்பேட்டும் கால்சியமும் கிடைத்தால் ஆட்டுனைட் என்ற மஞ்சள் செதில்களாகும், புற ஊதா ஒளியில் பச்சையாக மினுங்கும். மிச்சம் நீரோடு போய்விடும்.