கலர் அடிக்கும் பிள்ளை

மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளுக்கு வாரம் ஒருநாள் போய், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவமைப்பு சொல்லித்தருகிறேன். வடிவமைப்பு என்றதும் போஸ்டர், ஆண்டுவிழா மேடை அலங்காரம் என்றே பலருக்கும் நினைப்பு ஓடுகிறது. நான் சொல்லித்தருவது வீட்டில் இருக்கிற ஒரு சிரமத்தைப் பார்த்து, அளந்து, வரைந்து, அட்டையில் செய்து, அது எங்கே சொதப்புகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை.

இந்த வருஷம் எடுத்துக்கொண்டது தண்ணி வண்டி. ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். நாலைந்து குடத்தை வைத்துத் தள்ளிப்போகும் வண்டி. தார் ரோடு வரைக்கும் சரி. மணலில் இறங்கியதும் சக்கரம் புதையும், குடம் தளும்பும், வீடு வந்து சேர்வதற்குள் கழுத்தளவு தண்ணீர் போயிருக்கும்.

ஐந்து பேருக்கு ஒரு குழு என்று பிரித்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் ஒன்று கண்ணில் பட்டது. எந்தக் குழுவில் புதிதாக வந்த பிள்ளை இருந்தாலும் அது கலர் அடித்துக்கொண்டிருந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர். ஹோட்டல் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பையன் ஒருவன். யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அளக்க, வெட்ட, சண்டை போட உள்ளூர்ப் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது கலர் பென்சில். நானும் “அழகா அடிக்கிறியே” என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன். வருஷம் முழுக்க வந்தும் ஒரு அளவுகூட எடுக்காமல் அந்தப் பிள்ளை போயிருக்கும்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருக்கிறேன். முதல் வகுப்பில், கடற்கரைப் பிள்ளைகள்தானே என்று, ‘உங்களுக்குத் தெரிந்த படகைச் செய்யுங்கள்’ என்றேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அட்டையை மடியில் வைத்தபடி மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். இலங்கையிலிருந்து ராத்திரிப் படகில் வந்து மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவள் என்று அப்புறம்தான் தெரிந்தது. ‘உன் ஊர்’, ‘நீ வந்த வழி’ என்கிற தலைப்புகளை அதோடு விட்டுவிட்டேன். அவளாகச் சொன்னால் கேட்பேன். குடம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதனால்தான் தண்ணி வண்டி. (இலங்கை அகதிகள் முகாம் என்ற பெயரை அரசாங்கம் 2021-லேயே மறுவாழ்வு முகாம் என்று மாற்றிவிட்டது. பள்ளிக்கூட வராந்தாவில் இன்னும் ‘கேம்ப் பிள்ளை’தான்.)

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். ஸ்கேலும் கட்டரும் வாரம் ஒரு கை மாறவேண்டும். கலர் கடைசி வாரம்தான் வெளியே வரும்.

குடத்தின் வயிறு எவ்வளவு அகலம் என்று கேட்ட நாளைச் சொல்கிறேன். இஞ்ச் டேப் தரவில்லை, ஸ்கேல் மட்டும். பையன்கள் ஸ்கேலைக் குடத்தின் மேல் அந்தரத்தில் பிடித்து 28, 33 என்று கத்தினார்கள். கண்ணைச் சாய்த்தால் அளவும் சாயும். அந்தச் சிறுமி பையிலிருந்து வலைநூலை எடுத்தாள். குடத்தின் வயிற்றைச் சுற்றி, முனை வந்து தொட்ட இடத்தை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், அடிமட்டம் தாங்கோ” என்றாள். “அடிமட்டம்னா கடைசி பெஞ்சா?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. இலங்கைத் தமிழில் அடிமட்டம் என்றால் ஸ்கேல். நூல் 94 செ.மீ. இருந்தது. ஏழாம் வகுப்புக் கணக்கில் வருகிற 22/7-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 30. இதற்குள் அந்த வடமாநிலப் பையன் வாயே திறக்காமல் இரண்டு செங்கல்லைக் குடத்தின் இருபக்கமும் ஒட்டினாற்போல் வைத்து, குடத்தைத் தூக்கிவிட்டு நடுவே இருந்த இடைவெளியை அளந்தான். அதுவும் 30. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். ஸ்கேல் – அடிமட்டம், நோட்டு – கொப்பி, ரப்பர் – அழிறப்பர். பக்கத்திலேயே இந்திச் சொல், தமிழ் எழுத்தில். ஆசிரியர்கள் இதை மட்டுமாவது செய்யலாம், செலவு ஒரு தாள்தான்.

குடம் வயிற்றால் தாங்கி உட்காரவேண்டும் என்றால் பலகையில் ஓட்டை 30-ஐவிடக் குறைய வேண்டும். 26 என்று முடிவு செய்து அட்டையில் வெட்டினார்கள். சக்கரத்துக்குச் சின்ன மாதிரி செய்து, பேசினில் மணல் கொட்டிச் சோதித்தோம். சோடா மூடிச் சக்கரம் புதைந்தது. பழைய ரப்பர் செருப்பை அகலமாக வெட்டிய சக்கரம் புதையாமல் ஓடியது. அதே எடை அகலமான இடத்தில் பரவுகிறது, அவ்வளவுதான். உடைந்த மாதிரியைத் தூக்கிப்போட விடமாட்டேன். எங்கே உடைந்தது என்று நோட்டில் எழுதினால்தான் மதிப்பெண்.

அடுத்த வாரம் அந்தச் சிறுமி வீட்டிலிருந்து சில்வர் குடம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஓட்டையில் வைத்ததும் அது நழுவித் தரையில் ‘ணங்’ என்று விழுந்தது. “எல்லாக் குடமும் ஒரே அளவில்லை, டீச்சர்” என்றாள். அட்டையை மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் கட்டர் அவள் கையில்.