சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்கு ஒரு வீரரின் பெயர் என்ன செய்யும்?

நெஃப்ரோடிக் சின்ட்ரோம் (சிறுநீரில் புரதம் கசிந்து உடல் வீங்கும் சிறுநீரக நோய்) என்று கிளினிக் கொப்பியில் எழுதியதும் மட்டக்களப்புப் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி மருந்தைப் பற்றியதாக இருப்பது அரிது. “டொக்டர், மகனுக்கு இனி ஓடி விளையாட ஏலாதா?” என்பார்கள். பெண்பிள்ளையாயின், ஊருக்குத் தெரிந்தால் பிற்காலத்தில் என்னாகும் என்ற கவலை வாய்விட்டுக் கேட்கப்படாமலே தாயின் முகத்தில் நிற்கும். இக்கேள்விகளுக்கு என்னிடம் மருத்துவப் பதில்கள் உண்டு. ஆனால் கிரிக்கெட் பார்க்கும் ஒரு சிறுவன் என் பதிலைக் காட்டிலும் கமரூன் கிரீனின் பெயரையே விரைவில் நம்பிவிடுகிறான்.

அவுஸ்திரேலிய சகலதுறை வீரரான கிரீன், தமக்குப் பிறப்பிலிருந்தே நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதை 2023 டிசம்பரில் பகிரங்கமாகச் சொன்னார். தாயின் வயிற்றில் இருந்தபோதே ஸ்கானில் தெரிய வந்த சிறுநீர்வழி அடைப்பால் அவருடைய சிறுநீரகங்கள் சரிவர வளரவில்லை என்பதையும், அவை ஏறத்தாழ 60 சதவீதமே இயங்குகின்றன என்பதையும், பன்னிரண்டு வயதைத் தாண்டுவாரோ என்ற அச்சத்தை அவருடைய பெற்றோர் சுமந்திருந்தார்கள் என்பதையும் உலகம் அப்போதுதான் அறிந்தது. அதற்குச் சில மாதங்கள் கழித்து வெலிங்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 174 ஓட்டங்கள் எடுத்தார். பிள்ளைகளுக்கு நான் அந்த 174ஐ மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. அவர் உப்பையும் புரதத்தையும் அளந்து உண்கிறார் என்பதையும், நீண்ட நேரம் ஆடும்போது தசைப்பிடிப்பால் அவதிப்பட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கருவாடும் மிக்சரும் வேண்டாம் என்று அம்மா தடுப்பது தண்டனையன்று என்பதைப் பிள்ளை உணர்வதற்கு அந்தத் தகவல் மிகவும் உதவுகிறது.

எங்கள் கிளினிக்கிற்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது நெஃப்ரோடிக் சின்ட்ரோம்; அது வேறு வகையில் தொடங்குகிறது. காலையில் எழும்பும்போது கண்ணிமைகள் ஊதியிருக்கும். பூச்சி கடித்திருக்கும் என்று எண்ணிப் பெற்றோர் இரண்டு நாள் பொறுத்திருப்பார்கள். பிறகு காலும் வயிறும் வீங்க, “சலம் நுரைச்சு நுரைச்சுப் போகுது” என்று தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டியினூடாகப் புரதம் கசிவதே இதற்குக் காரணம். இவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரெட்னிசலோன் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றாலும், நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஆகவே தாய் ஒவ்வொரு நாளும் காலைச் சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சூடாக்கி, வெண்மையாகக் கலங்குகிறதா என்று பார்த்துக் கொப்பியில் குறிக்க வேண்டியிருக்கிறது. சில கொப்பிகளில் அந்தக் குறிப்புகள் பாடசாலை வரவுப் பதிவேட்டைப் போல ஒரு நாளும் தவறாமல் இருக்கும். தொடர்ந்து மூன்று நாட்கள் கடுமையாகக் கலங்கினால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே வர வேண்டும். மாத்திரையைத் தாமாக ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

இதே மாத்திரைதான் பிள்ளையின் முகத்தை உருண்டையாக்கி வகுப்பில் கேலிக்கு ஆளாக்குகிறது. மருந்தை ஒளித்து வீசிவிடும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் நோய்க்கு அஞ்சியதைவிடக் கேலிக்கே அதிகம் அஞ்சினார்கள்.

இந்த நோயின் பெயரை இணையத்தில் தேடும் பெற்றோர் சிலர் ஜோனா லோமுவின் வரலாற்றில் போய் நிற்பதுண்டு. 1995 ரக்பி உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்தை நிலைகுலைய வைத்த அந்த நியூசிலாந்து வீரருக்கும் நெஃப்ரோடிக் சின்ட்ரோமே இருந்தது. 2003இல் அவர் இரத்தச் சுத்திகரிப்புக்கு உட்பட வேண்டியதாயிற்று. 2004இல் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தந்த சிறுநீரகம் பொருத்தப்பட்ட பின்னர் மீண்டும் மைதானத்தில் இறங்கினார். சிறுநீரக நோயுள்ள பிள்ளைகளுக்காக நியூசிலாந்தில் இயங்கும் ‘கிட்னி கிட்ஸ்’ அமைப்பின் புரவலராகவும் விளங்கினார். பொருத்திய சிறுநீரகம் 2011இல் செயலிழந்தது. 2015இல் 40 வயதில் அவர் காலமானார். அந்த முடிவை நான் மறைப்பதில்லை. ஆயினும், மாத்திரைக்கு இசைந்து குணப்படும் சிறுபிள்ளைகளின் நோய்க்கும் அவருக்கு நேர்ந்ததற்கும் இடையே பெரிய தூரம் உண்டு என்பதைப் பெற்றோருக்கு நிதானமாக விளக்குகிறேன். அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டி போன்ற பகுதிகளில் விவசாயிகளைத் தாக்கும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் இதனின்று வேறானது.

எங்கள் ஊர் கூடைப்பந்து அறிந்த ஊர். அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் ஊன்றி வளர்த்த அந்த விளையாட்டை இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விரும்பி ஆடுகிறார்கள். அவர்களுக்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் அலோன்சோ மோர்னிங்கைக் காட்டுவது எளிது: 2003இல் உறவினர் ஒருவரின் சிறுநீரகத்தைப் பெற்ற அவர் 2006இல் மயாமி ஹீட் அணியுடன் சம்பியனானார். வளர்ந்த பிள்ளைகள், குறிப்பாகச் சிறுநீரக மாற்றுக்காகக் கொழும்புக்கோ பேராதனைக்கோ அனுப்பப்படவிருப்பவர்கள், இந்தக் கதையில் சிறுநீரகம் கொடுத்தவரைப் பற்றியே துருவிக் கேட்கிறார்கள். “கொடுத்தவர் சுகமாக இருக்கிறாரா?” என்பது அவர்கள் கேள்வி. தம் தாயோ தந்தையோ தமக்காக எதை இழக்கப் போகிறார் என்ற கவலை அப்பிள்ளைகளுக்கு உண்டு என்பதை வளர்ந்தவர்கள் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

தொலைவிலுள்ள வீரர்கள் வாயைத் திறந்து தம் நோயைச் சொன்னதால் பயன் விளைந்தது. எங்கள் பகுதியின் பிரமுகர்களோ அன்பளிப்புப் பையுடனும் கமராவுடனும் மருத்துவமனை விடுதிக்கு வருகிறார்கள். அவர்களது நல்ல மனத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் ஊதிய முகத்தோடு இருக்கும் பிள்ளையின் படம் அன்று மாலையே முகநூலில் ஏறினால், வகுப்பில் மறைத்து வைத்திருந்தது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. உதவி திரட்டுவதற்காகவே ஆனாலும், பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் விருப்பமும் கேட்கப்பட வேண்டும்.

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் இரண்டாம் வியாழன் உலக சிறுநீரக தினம். அன்று விடுதிக்கு வர விரும்பும் விளையாட்டு வீரர்களிடமும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடமும் கேட்பது சிலவே. காய்ச்சல், இருமல் இருந்தால் வர வேண்டாம். வீட்டில் யாருக்காவது கொப்பளிப்பான் வந்திருந்தால் கட்டாயம் வர வேண்டாம், ஏனெனில் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் பிரெட்னிசலோனை எடுக்கும் பிள்ளைக்கு அது உயிராபத்தாகலாம். உப்புத் தின்பண்டங்களுக்குப் பதிலாகக் கரம் பலகையோ பந்தோ கொண்டு வாருங்கள். கமராவை வாகனத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கட்டிலருகே அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடுங்கள். பயிற்றுநராக இருந்தால் பிள்ளையின் பெயரையும் பாடசாலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் வற்றி, சிறுநீர் தெளிந்து, நாங்கள் அனுமதிக் கடிதம் கொடுக்கும் நாளில் அவனை மீண்டும் பயிற்சிக்கு அழைக்க வேண்டியவர் நீங்களே.