பழைய கரும்பு ஆலைக்குப் பச்சை பெயிண்ட் அடிக்காதீர்கள்

மாடு கட்டிச் சுற்றிய மூன்று உருளை கரும்பு ஆலை ஒன்று உங்கள் தோட்டத்து மூலையில் கிடந்தால், தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு, கடத்தூர் பக்கம் அப்படிக் கிடக்க வாய்ப்பு உண்டு, அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ பார்வைக்கு வையுங்கள். ஆனால் கிரைண்டரால் தேய்த்து எனாமல் அடிக்க வேண்டாம். வார்ப்பில் இருக்கும் எழுத்து மழுங்கிவிடும், உருளையில் எந்தப் பக்கம் அதிகம் உழைத்தது என்று காட்டும் தேய்மானமும் போய்விடும். அது போனால் திரும்ப வராது.

இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. பிரச்சினை என்னவென்றால், துரு பொத்தலாக இருப்பதால் ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும், மேலே பெயிண்ட் அடித்தாலும் அடியில் அரிப்பு ஓடும். கரும்பு ஆலைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: சாறு லேசான அமிலம், காய்ந்த சர்க்கரையோ ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் முதல் வேலை பல்சக்கர இடுக்கெல்லாம் வெந்நீர் விட்டு பிரஷ் போட்டுக் கழுவி, உடனே காய வைப்பது.

சரி, துருவை எடுக்கப் புளி போதாதா? நம்மூரில் புளிக்குப் பஞ்சமில்லைதான். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும், ஆனால் குழிகளில் தங்கிவிட்டால் அதுவே நல்ல இரும்பையும் அரிக்கும்.

அருங்காட்சியகங்களில் செய்வது வேறு. உதிரும் துருவை மட்டும் மென்மையாகத் தட்டி எடுத்துவிட்டு, ஒட்டியிருப்பதன் மேல் டானிக் அமிலக் கரைசலைப் பிரஷ்ஷால் பூசி, காயவிட்டு, திரும்பப் பூசுவார்கள். டானிக் அமிலம் டானின் வகையைச் சேர்ந்தது; கடுக்காயின் துவர்ப்புக்கும் டானின்தான் காரணம். அது துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு டானேட் என்ற கருநீலப் பொருளாக மாறுகிறது. அந்தக் காலத்தில் கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். இந்தப் படலம் தண்ணீரில் எளிதில் கரையாது, வடிவத்தையும் கெடுக்காது. கடைக் கடுக்காயை வேகவைத்த சாற்றில் டானின் எவ்வளவு என்று கணக்குத் தெரியாது, ஆகவே பொதுப் பார்வைக்கு வைக்கும் பொருளுக்கு அளந்து கலந்த டானிக் அமிலமே நல்லது.

படலம் மட்டும் மழைக்குத் தாங்காது. நன்றாகக் காய்ந்தபின் மெழுகு பூசுங்கள். பின்னாளில் வேண்டாமென்றால் டர்பென்டைனில் துடைத்தெடுக்கலாம் என்பதே அதன் பெரிய வசதி. அப்புறம் ஆலையை மண்ணில் புதைக்காமல் கல்மேடையில் நிறுத்தி, மேலே ஒரு கூரை போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மெழுகைப் புதுப்பித்துவிடுங்கள்.