விண்டோஸ் வாசகரை வாசலில் நிறுத்தாதீர்கள்

"அக்கா, நான் எங்கே தவறு செய்தேன்?"

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் ஆவண எழுத்தாளராக வேலை பார்க்கும் நான், புதிதாகச் சேரும் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஓசூர், சேலம் பக்கமிருந்து வரும் இவர்களில் பலர் விண்டோஸில் கணினி பழகியவர்கள். ஆவணங்களை எழுதும் நாங்களோ மேக்கில் எழுதி, மேக்கிலேயே சோதித்து வெளியிடுகிறோம்.

இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் கர்ல் (curl) கட்டளை ஒன்றை எங்கள் ஆவணத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் ஒட்டியிருந்தாள் ஒரு பெண். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. விண்டோஸுடன் வரும் கட்டளைத் திரையான பவர்ஷெல் 5.1-இல் கர்ல் என்பது இன்வோக்-வெப்ரெக்வெஸ்ட் என்ற வேறொரு கட்டளையின் மாற்றுப்பெயர். கோரிக்கையோடு கூடுதல் தகவலாக நாம் எழுதும் ஹெட்டரை அது ஏற்காது. 2018 முதல் அசல் கர்லும் விண்டோஸ் 10-இல் இருக்கிறது, ஆனால் பவர்ஷெல்லில் பெயரோடு '.எக்ஸ்இ' (.exe) சேர்த்து அழைக்க வேண்டும். விண்டோஸின் பழைய கட்டளைத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போனால் ஒற்றை மேற்கோள் குறி அங்கே மேற்கோளே இல்லை. அதற்குள் எழுதிய ஜேசான் (JSON) வடிவத் தரவு சிதறிவிடும். அவள் செய்த தவறு இதில் எங்கே இருக்கிறது?

அதற்காக ஆவணத்தில் எல்லா இடத்திலும் பாஷ் (லினக்ஸ், மேக்கில் கட்டளைகளை ஓட்டும் நிரல்), கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல் என மூன்று தாவல்கள் (tab) வைக்கச் சொல்லவில்லை. நிரல் தொகுப்பை நகலெடுக்கும் கிட் குளோன் (git clone) எங்கும் ஒன்றுதான். ஜேசானைத் தனிக் கோப்பில் வைத்து, கோப்பின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்து, கட்டளையை ஒரே வரியில் எழுதினால், அந்த '.எக்ஸ்இ' தவிர மூன்று இடத்துக்கும் ஒரே எடுத்துக்காட்டு போதும். நிரல்கள் படித்துக்கொள்ளும் மதிப்புகளான சூழல் மாறிகள் அப்படியல்ல: பாஷில் எக்ஸ்போர்ட், கமாண்ட் பிராம்ப்ட்டில் செட் (set), பவர்ஷெல்லில் வேறு எழுத்துமுறை. அங்கே பிரித்துத்தான் எழுத வேண்டும்.

மேக்கும் லினக்ஸும் ஒன்றே என்ற நினைப்பும் வேண்டாம். உரையைத் திருத்தும் செட் (sed; மேலே சொன்ன set அல்ல) கட்டளையில், கோப்பையே நேரடியாக மாற்றும் 'ஐ' (-i) விருப்பம், மேக்கில் காப்புக் கோப்பின் பின்னொட்டையும் கேட்கும். வேண்டாமென்றால் வெற்று மேற்கோளாவது தர வேண்டும். லினக்ஸில் அது தேவையில்லை.

யாரும் ஓட்டிப் பார்க்காத விண்டோஸ் தாவல், தாவலே இல்லாததைவிட மோசம் என்பேன். நம்பி ஒட்டுகிறவர் பாதி நாளை இழந்து, தன் அறிவைத்தான் சந்தேகிக்கிறார். மறுஆய்வின்போது, "இதை விண்டோஸில் ஓட்டியது யார், எந்தப் பதிப்பில்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், 'மேக்கில் மட்டும் சோதிக்கப்பட்டது' என்ற வரியைப் பக்கத்தின் தலைப்பிலேயே போடுங்கள்.