நர்சிங் முடித்தவர்களுக்கு மேற்படிப்பு: எந்தப் படிப்புக்கு என்ன தகுதி?

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோவோ பி.எஸ்சி. நர்சிங் பட்டமோ முடித்து வார்டில் வேலை பார்ப்பவர்கள் மேலே படிக்க நம் நாட்டில் நாலைந்து வழிகள் உண்டு. அவற்றுக்கான பாடத்திட்டமும் சேர்க்கைத் தகுதியும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தவை. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது அந்தக் கவுன்சில். அதற்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. இங்கே சொல்லியிருப்பவை கவுன்சில் வகுத்த விதிகள்.

எந்தப் படிப்பில் சேர்வதாக இருந்தாலும் மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் (பிரசவம் பார்ப்பவராகவும்) பதிவு செய்திருக்க வேண்டும். மார்க் ஷீட்டை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியாது.

ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு அடுத்த படி போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்ற பட்டப்படிப்பு. கல்லூரியில் நேரடியாகப் படித்தால் 2 ஆண்டு. வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதையே 3 ஆண்டுப் படிப்பாக நடத்துகிறது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு, பணி அனுபவமும் கேட்பார்கள். இந்தப் பட்டத்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்ஸ்களை எடுக்கும் நார்செட் தேர்வைக் காட்டலாம். பட்டம் இருந்தால் அனுபவம் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஜி.என்.எம். மட்டும் இருந்தால், குறைந்தது 50 படுக்கை கொண்ட மருத்துவமனையில் 2 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். அப்புறம், இந்தப் பட்டம் இல்லாமல் ஜி.என்.எம்.மிலிருந்து நேராக எம்.எஸ்சி.க்குப் போகவும் முடியாது.

எம்.எஸ்சி. நர்சிங் 2 ஆண்டுப் படிப்பு. மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம் என்று ஐந்து பிரிவுகள். பட்டப்படிப்பில் மொத்தம் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 5 சதவீதம் தளர்த்தலாம். ஓராண்டுப் பணி அனுபவமும் கட்டாயம். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. நாலு வருட பி.எஸ்சி. படித்தவருக்கு அந்த ஓராண்டு பட்டம் வாங்கிய பிறகு வந்ததாக இருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் படித்தவருக்கோ, அந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்பு பார்த்த வேலையும் கணக்கில் வரும். அதனால் சில வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டுப் போஸ்ட் பேசிக் முடித்தவர் இடைவெளி விடாமல் அப்படியே எம்.எஸ்சி.யில் சேர்ந்துவிடலாம். அனுபவச் சான்றிதழைப் பழைய மருத்துவமனையை விட்டு வரும்போதே கையோடு வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் கேட்டால் அலைய வேண்டிவரும்.

நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் எம்.எஸ்சி.தான் சரியான தேர்வு. பி.எஸ்சி. வைத்துக்கொண்டு டியூட்டராக இருக்கலாம், அதற்கு மேலே உயர முடியாது. ஆனால் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து வேலை பார்க்க விரும்புகிறவர் எல்லோரும் படிக்கிறார்களே என்று இதில் சேர வேண்டியதில்லை. அவர்களுக்காகவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வந்தது. இதுவும் 2 ஆண்டு முதுநிலைப் பட்டம்தான். பி.எஸ்சி.யோடு ஓராண்டு மருத்துவமனை அனுபவம் கேட்பார்கள், ஐ.சி.யூ.வில் பார்த்த அனுபவமாக இருந்தால் விசேஷம். மருத்துவமனையிலேயே வேலை பார்த்தபடி படிக்கும் ரெசிடென்சி முறை என்பதால் வகுப்பறை நேரம் குறைவு, பெரும்பகுதி ஐ.சி.யூ.வில்தான் கழியும். மருத்துவமனையின் நெறிமுறைக்கு உட்பட்டு மருந்து கொடுக்கவும் பரிசோதனைகளுக்கு எழுதவும் இவர்கள் பயிற்சி பெறுகிறார்கள். குறை ஒன்றும் உண்டு. இவர்களுக்கென்று தனிப் பணியிடம் இல்லாத மருத்துவமனைகள் நிறைய. சேருவதற்கு முன்பு, உங்கள் மருத்துவமனையில் இந்தப் பட்டத்துக்கு என்ன பதவி, என்ன சம்பளம் என்று விசாரித்துவிடுங்கள்.

இரண்டு ஆண்டு ஒதுக்க முடியாதவர்களுக்கு ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோக்கள் இருக்கின்றன: இதய நோய், புற்றுநோய், பச்சிளம் குழந்தை, ஆபரேஷன் தியேட்டர், அவசர சிகிச்சை, மனநலம் என்று பல பிரிவுகள். இவற்றுக்கு ஜி.என்.எம். முடித்தவரும் தகுதியானவரே. பிரசவ அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் மிட்வைஃபரி என்ற 18 மாதப் பயிற்சி இருக்கிறது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட மகப்பேறு சேவை வழிகாட்டுதலில் வந்தது அது. டிப்ளமோ எதுவும் பட்டத்துக்குச் சமம் ஆகாது. அதைக் காட்டி எம்.எஸ்சி. கேட்டால் இடம் தர மாட்டார்கள்.

பி.எச்டி.க்கு ஒரு தேசியக் கூட்டமைப்பை கவுன்சில் 2005-இல் கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கியது. மற்ற பல்கலைக்கழகங்களிலும் படிக்கலாம். எம்.ஃபில். பக்கம் போக வேண்டாம், 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அதை நிறுத்திவிட்டது. அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. நர்சிங் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள், கவுன்சில் அதை ஏற்பதில்லை.

படிப்பு முடிந்ததும் பட்டத்தையோ டிப்ளமோவையோ மாநில கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் படித்திருந்தாலும் வேலை பார்க்கும் மாநிலத்தில் பதிவு இருக்க வேண்டும். பதவி உயர்வுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அந்தப் பதிவுச் சான்றைத்தான்.